பெற்றோரின் பழி துடைத்த பேராசிரியர் ஜெரோம் லெஜூன்

கண்ணோரம் சற்றே மேல்நோக்கிச் சாய்ந்து, முகம் தட்டையாய், நடையும் பேச்சும் தாமதித்து வரும் குழந்தைகளை நாம் கண்டிருக்கிறோம். யார் செய்த பாவமோ எனப் பெற்றோரின் காதுபடப் பேசுவோரையும் கண்டிருக்கிறோம். பிறவிக் குருடனைக் காட்டிச் சீடர்கள் ஆண்டவரிடம் கேட்ட அதே கேள்விதான்! அதற்கு அறிவியல் வழியே விடை காண உழைத்தவர்களுள் ஒருவர் ஜெரோம் லெஜூன்.

1926 ஜூன் 13-ஆம் நாள் பாரிஸ் நகரை அடுத்த மோன்ரூழ் என்னும் ஊரில் பிறந்த இவர், மருத்துவம் பயின்று, 1952-இல் பேராசிரியர் துர்ப்பேன் அவர்களின் குழுவில் சேர்ந்தார்.

இக்குறையை 1866-இல் விவரித்தவர் லாங்டன் டவுன் என்னும் ஆங்கில மருத்துவர். அவர் இதற்கு மங்கோலிய இனத்தாரின் பெயரைச் சூட்டியது ஓர் அநீதி. காரணம் தெரியாததால் மேகநோய், குடிப்பழக்கம் என்று பழியெல்லாம் பெற்றோர் தலையில் விழுந்தது.

மனித உயிரணுவில் குரோமோசோம்கள் 46 என்பது 1956-இல்தான் உறுதியாயிற்று. பாரிசின் துரூசோ மருத்துவமனையில் உயிரணுக்களை வளர்க்கும் கூடத்தை அமைத்தவர் மார்த் கோத்தியே என்னும் பெண் மருத்துவர். போதிய பணமில்லாமல், தம் சொந்த இரத்தத்தின் சீரத்தையும் ஒரு சேவலின் இரத்தத்தையும் பயன்படுத்தி அவர் உழைத்தார். 1958-இல் இக்குழந்தைகளின் உயிரணுவில் 47 குரோமோசோம்கள் தென்பட்டன. கண்ணாடித் தகடுகளைப் படமெடுக்க எடுத்துச் சென்றவர் லெஜூன். 1959 ஜனவரி 26-இல் வெளியான அறிக்கையில் அவர் பெயரே முதலில் நின்றது. அம்மையாரின் பெயரோ பிழையாக அச்சாயிற்று. இக்கண்டுபிடிப்பில் லெஜூனின் பங்கு முதன்மையானதாய் இருந்திருக்க வாய்ப்பில்லை என்று 2014-இல் பிரெஞ்சு தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் அறநெறிக் குழு கருத்துத் தெரிவித்தது. லெஜூனை மதிக்கும் நாம் இதை மறைப்பது முறையன்று.

தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23 என்பதே கணக்கு. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகையில் 21-ஆம் இணை பிரியாமல் நின்றுவிட்டால், குழந்தைக்கு அது இரண்டுக்குப் பதில் மூன்றாகிவிடுகிறது. பெரும்பாலும் நிகழ்வது இதுவே. தாயின் வயது கூடக் கூட இதற்கான வாய்ப்பு கூடும்; ஆனால் இளந்தாய்மாருக்கும் நேரும். உண்ட உணவோ, கிரகணமோ, கண்ணேறோ காரணமல்ல. இக்குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இதயக் குறையும் இருக்கும். ஆகவே பிறந்தவுடன் இதயத்தைச் சோதிப்பது அவசியம்.

1962-இல் கென்னடி விருது பெற்றார் லெஜூன். ஆனால் 1960-களின் இறுதியில், கருவிலேயே குரோமோசோமை எண்ணும் சோதனை வந்தது. குணமாக்கப் பயன்படவேண்டிய அறிவு அழிக்கப் பயன்படுகிறதே என்று அவர் மனம் நொந்தார். 1969-இல் சான் பிரான்சிஸ்கோவில் விருது பெற்ற வேளையிலேயே கருக்கலைப்பை எதிர்த்துப் பேசினார். சக அறிஞர் பலரின் ஆதரவை இழந்தார். அவர் இறுதிவரை தேடிய மருந்து கிட்டவில்லை.

1994-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவரை வாழ்வுக்கான பாப்பிறைக் கழகத்தின் முதல் தலைவராக்கினார். சில வாரங்களிலேயே, ஏப்ரல் 3, உயிர்ப்பு ஞாயிறன்று, லெஜூன் இறைவனடி சேர்ந்தார். 1997-இல் திருத்தந்தை அவர்தம் கல்லறைக்குச் சென்று செபித்தார். 2021-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. மார்த் கோத்தியே அம்மையார் 2022-இல், 96 வயதில் காலமானார்.