கல்லறைகளிடம் கலை பயின்றவர்

ஆங்கில வகுப்பிலே புலியைப் பற்றிய கவிதையின் மூலம் நம்மிற் பலர் வில்லியம் பிளேக்கை அறிந்துகொண்டோம். அவர் இளமையிற் கல்லறைச் சிற்பங்களை வரைந்து கலை பயின்றவர் என்பதை அறிந்தோர் சிலரே.

பிளேக் 1757 நவம்பர் 28 ஆம் திகதி இலண்டனில் காலுறை வியாபாரி ஒருவரின் மகனாகப் பிறந்தார். பத்து வயதிற் சித்திரப் பள்ளியிற் சேர்ந்தார். 1772 இல், 14 வயதில், செப்புத் தகட்டிற் படஞ்செதுக்கும் ஜேம்ஸ் பசயரிடம் ஏழு வருட ஒப்பந்தத்திற் தொழில் பழகச் சென்றார்.

பசயர் தொல்பொருள் ஆய்வாளர்களுக்குப் படங்கள் தயாரித்துக் கொடுப்பவர். அவர் தமது மாணவனை வெஸ்ட்மினிஸ்டர் தேவாலயத்துக்கு அனுப்பினார். அங்கே பழைய மன்னர்களும் அரசிகளும் கல்லிலும் வெண்கலத்திலும் துயில்கின்றனர். சிற்பங்களை மேலிருந்து பார்ப்பதற்காகச் சிறுவன் கல்லறைகளின் மீதே ஏறி நின்று வரைந்தான். ஆடையின் மடிப்புகள், அமைதியான முகங்கள், மங்கிய வண்ணங்கள் யாவும் அவன் மனத்திற் பதிந்தன. 1774 இல் முதலாம் எட்வேர்ட் மன்னரின் கல்லறை திறக்கப்பட்டபோது வரையப்பட்ட சித்திரங்களும் அவனுடையவை என்றே கருதப்படுகின்றன.

ரிச்சர்ட் கஃப் என்பவரின் கல்லறைச் சின்னங்கள் பற்றிய பெருநூல் 1786 இல் வெளிவந்தது. தேவாலயத்துச் சித்திரங்கள் அதில் இடம்பெற்றன. ஆனால் படங்களின் கீழே இருந்தது பசயரின் பெயர். மாணவனின் உழைப்பு குருவின் பெயரில் வெளிவருவது அக்காலத் தொழில் வழக்கம். பெயர் கிடைக்காவிடினும் கிடைத்த கல்வி வீண்போகவில்லை. பிளேக் பிற்காலத்தில் வரைந்த நீண்ட அங்கி தரித்த உருவங்களில் அந்தக் கல்லறைச் சிற்பங்களின் சாயலைக் காணலாம்.

1782 இல் அவர் கத்தரீனைக் கரம்பற்றினார். திருமணப் பதிவேட்டில் கையொப்பத்துக்குப் பதிலாகக் குறியிட்ட பெண் அவர். கணவரிடம் எழுத வாசிக்கக் கற்றார். அவருடைய நூல்களை அச்சிடவும் வண்ணந்தீட்டவும் உதவினார். கவிதையையும் சித்திரத்தையும் ஒரே தகட்டில் அமைத்து பிளேக் வெளியிட்ட நூல்கள் இன்று உலகின் அரிய செல்வங்கள். அவற்றிற் கத்தரீனின் கைவேலையும் உண்டு.

1827 ஓகஸ்ட் 12 இல் பிளேக் காலமானார். இலண்டன் பன்ஹில் மயானத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். அரசர்களின் கல்லறைகளை அத்தனை கவனத்தோடு வரைந்தவரின் புதைகுழிக்குக் கல் வைக்கப்படவில்லை. சரியான இடத்தைக் கண்டறிந்து பெயர் பொறித்த கல் பதித்தது 2018 இல். அதற்குள் 191 வருடங்கள் கழிந்துவிட்டன.

நமது திருகோணமலைத் துறைமுகத்தை அண்டியும் பழைய மயானம் உண்டு. நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி, அட்மிரல் சார்ள்ஸ் ஒஸ்டின், 1852 இல் பர்மாவில் இறந்து இங்கேதான் அடக்கஞ் செய்யப்பட்டார். உப்புக்காற்றும் மாரி மழையும் கல்லெழுத்தை விட்டுவைப்பதில்லை. நூற்றாண்டு காணும் நமது சங்கம், இன்றைய மாணவிகளின் கையிற் பென்சிலும் தாளும் கொடுத்து அந்தக் கற்களைப் பார்த்து வரையச் சொல்லலாம். வரைபவளின் பெயரையும் படத்தின் கீழே மறவாமல் எழுதிவைப்போம்.