யார் இந்த ஒசாமு தெசுகா? சிங்கக்குட்டியை வளர விட்டவரின் கதை

கார்ட்டூன் ஹீரோக்களுக்கு மட்டும் ஏன் வயசே ஆகறதில்லை? இந்த வழக்கத்தை மாத்திக் காட்டியவர் ஜப்பானின் ஒசாமு தெசுகா.

1928-ல் ஒசாகா அருகே டொயோனகாவில் பிறந்தார். மருத்துவம் படிச்சுக்கிட்டே காமிக்ஸ் வரைந்தவர், டாக்டர் தொழிலை விட்டுட்டு பேனாவையே பிடித்தார்.

1950-ல் தொடங்கிய இவரது 'ஜங்கிள் எம்பரர்' காமிக்ஸின் ஹீரோ லியோ, அப்பா அம்மாவை இழந்த வெள்ளைச் சிங்கக்குட்டி. அது வளர்ந்து, காட்டுக்கு ராஜாவாகி, தானும் அப்பாவாகி, கடைசியில் உயிரையும் விடுகிறது.

1965-ல் கதை கலர் டிவி தொடரானது. அமெரிக்காவின் என்பிசி பணம் கொடுத்தது. ஆனா ஒரு கண்டிஷன்: லியோ குட்டியாவே இருக்கணும். எபிசோடுகளை எந்த வரிசையில் போட்டாலும் குழப்பம் வரக்கூடாது என்பதுதான் காரணம். 52 எபிசோடுகளுக்கும் தெசுகா ஒத்துக்கிட்டார்.

அதோட விடல. 1966-ல் என்பிசி பணம் இல்லாமலேயே அடுத்த தொடரை எடுத்தார். 26 எபிசோடுகள். இதில் லியோவுக்கு பிடரி வந்தாச்சு, குட்டிகளும் வந்தாச்சு.

1989-ல், 60 வயசில் தெசுகா மறைந்தார். வளர்ந்த லியோவின் கதை 1997-ல் சினிமாவாகவும் வந்தது.