ஜோசையா மார்ஷல் ஹீத்

ஜோசையா மார்ஷல் ஹீத் (இறப்பு: 1851) ஆங்கிலேய உலோகவியலாளரும் தொழில் முனைவோரும் ஆவார். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணப் பணியில் இருந்த இவர், அதனை விட்டு விலகிப் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலையை நிறுவினார். உருக்கு உற்பத்தியில் மாங்கனீசைப் பயன்படுத்தும் முறைக்கு 1839 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவரும் இவரே. பறவையியலிலும் இவருக்கு ஈடுபாடு இருந்தது.

சேலம் மாவட்டமும் உள்ளூர் உலைகளும்

ஹீத் சேலத்தில் கம்பெனியின் வணிகப் பொறுப்பாளராகப் பணிபுரிந்தார். அக்காலச் சேலம் மாவட்டம் மிகப் பரந்தது. இன்றைய தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களும் அதனுள் அடங்கியிருந்தன (தருமபுரி 1965 இல் தனி மாவட்டமானது, அதிலிருந்து கிருட்டிணகிரி 2004 இல் பிரிந்தது). அரூர் வட்டத்தில் உள்ள தீர்த்தமலையும் சேலத்தை அடுத்த கஞ்சமலையும் காந்த இரும்புத் தாதுவுக்குப் பெயர் பெற்றவை. இப்பகுதியின் இரும்புத் தொழில் மிகப் பழமையானது. கிருட்டிணகிரி மாவட்டத்தின் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புப் பொருள்கள் கி.மு. 2172 வரை பழமையானவை எனத் தமிழ்நாடு அரசு 2022 இல் அறிவித்தது.

ஹீத் கண்ட உள்ளூர் உலை ஆளுயரம்கூட இல்லாதது. ஏறத்தாழ மூன்று முதல் ஐந்து அடி உயர மண் உலை. ஆட்டுத்தோல் துருத்திகள் இரண்டை மாறி மாறி அழுத்தி, மூங்கில் குழாய் வழியாகவும் மண் முகப்பு வழியாகவும் காற்றைச் செலுத்தினர். தாதுவை இடித்து, புடைத்தோ நீரில் அலசியோ மணலை நீக்கிய பின்னரே உலையில் இட்டனர். இந்த முன்னேற்பாடு முக்கியமானது. மணல் மிகுந்தால் அதனுடன் சேரும் இரும்பும் கசடாகிவிடும். இவ்வுலைகளில் இரும்பு உருகி ஓடுவதில்லை. தூய இரும்பு உருக 1538 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். தோல் துருத்தியால் அதனை எட்ட இயலாது. கசடு மட்டும் உருகி வடிய, கடற்பாசி போன்று துளைகள் கொண்ட இரும்புக் கட்டி அடியில் எஞ்சும். அதனை அடித்துக் கசட்டை வெளியேற்றுவர்.

இவ்விரும்பிலிருந்து உருக்குச் செய்யும் முறையே ஹீத்தை அதிகம் கவர்ந்தது. சிறு துண்டுகளாக வெட்டிய இரும்பை, ஆவாரை மரத்துண்டுகளுடன் மூசை எனப்படும் மண்குடுவையில் இட்டு, எருக்கிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைப்பர். இருபதுக்கும் மேற்பட்ட மூசைகளை வளைவாக அடுக்கிச் சுமார் இரண்டரை மணி நேரம் ஊதினால் உருக்குக் கிடைத்துவிடும். அப்போது இங்கிலாந்தில் இரும்பைக் கரியுடன் சேர்த்துச் சூடேற்றி உருக்காக்கப் பல நாட்கள் ஆயின. மூடிய மூசைக்குள் பச்சிலையிலிருந்து எழும் ஐதரோகார்பன் வளிமங்களே விரைவுக்குக் காரணம் என ஹீத் விளக்கினார். டேவிட் மசெட் 1800 இலும் சார்லஸ் மக்கின்டாஷ் 1825 இலும் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற இரு வேறு முறைகளின் அடிப்படைகள், இந்தியக் கொல்லரின் ஒரே மூசைக்குள் ஏற்கெனவே இணைந்திருப்பதை அவர் சுட்டிக்காட்டினார். ராயல் ஆசியக் கழகத்தின் செயலாளருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் இவற்றை விவரித்துள்ளார். எகிப்தின் கருங்கல் தூண்கள் இந்திய உருக்கால் செதுக்கப்பட்டிருக்க வேண்டும் என்றும் அதில் வாதிட்டார். இது ஏற்கத்தக்கதன்று, எகிப்தியர் கடினமான கற்குண்டுகளையும் மணலையும் கொண்டே கருங்கல்லைச் செதுக்கினர் என்பது இன்று தெளிவு. ஆயினும், உள்ளூர்க் கொல்லரின் தொழில்நுட்பத்தை வேடிக்கைப் பொருளாகக் கருதாமல் வேதியியல் நோக்கில் ஆராய்ந்தமைக்காகவே அக்கடிதம் படிக்கத்தக்கது.

பரங்கிப்பேட்டை ஆலை

சேலத்துத் தாதுவை ஐரோப்பிய முறையில் பெரிய ஊதுலையில் உருக்குவது ஹீத்தின் திட்டம். பதவியைத் துறந்து, இங்கிலாந்து சென்று தொழிலைக் கற்றுத் திரும்பி, 1830 இல் கடற்கரை ஊரான பரங்கிப்பேட்டையில் ஆலையைத் தொடங்கினார். சென்னை அரசு அவருக்குத் தனியுரிமையும் கடனும் அளித்தது. 1833 இல் ஆலை ஒரு கம்பெனியின் கீழ் வந்தது. மலபாரின் பேப்பூரிலும் ஓர் ஆலை எழுந்தது.

கப்பலில் ஏற்றுவதற்குப் பரங்கிப்பேட்டை வசதியான ஊர். ஆனால் தாது கிடைக்கும் மலைகள் நேர்கோட்டிலேயே 150 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தன. தாது பரிசல்களில் காவிரி வழியாகக் கொண்டுவரப்பட்டது. நிலக்கரி கிடைக்காததால் மரக்கரியே எரிபொருள். அருகிலிருந்த காடுகள் தீரத் தீர மேலும் தொலைவிலிருந்து கரி வரவேண்டியதாயிற்று. சிறு மண் உலையில் எழாத இடர்கள் பெரிய மரக்கரி உலையில் எழுகின்றன. மரக்கரி மென்மையானது, உயர்ந்த உலையில் தாதுவின் பாரம் அதனை நொறுக்கினால் தூள் அடைத்துக்கொண்டு காற்று மேலேறாது, உலையின் அடிப்பகுதி குளிர்ந்துவிடும். ஈரமான கரியும் ஈரக்காற்றும் வெப்பத்தைத் தின்றுவிடும். சேலத்துத் தாதுவில் குவார்ட்சு மிகுதி. போதிய சுண்ணாம்பு சேர்க்காவிடில் கசடு குழம்பாகி ஓடாது நிற்கும். ஊதுலை சூடாகாமைக்குக் காரணம் நெருப்பன்று. பெரும்பாலும் காற்றும் கசடுமே.

பரங்கிப்பேட்டை இரும்பு தரத்தில் குறைந்ததன்று. செஃபீல்டு நகர உருக்காலைகளுக்கு அது ஏற்றுமதியானது. செலவைத்தான் ஆலையால் ஈடுகட்ட இயலவில்லை. ஹீத் தம் செல்வத்தை அதில் இழந்தார்.

மாங்கனீசுக் காப்புரிமை

இங்கிலாந்து திரும்பிய ஹீத் செஃபீல்டில் உருக்கு ஆய்வில் இறங்கினார். அங்கு நல்ல வார்ப்புருக்குக்குச் சுவீடனிலிருந்து இறக்குமதியான விலையுயர்ந்த இரும்பே தேவைப்பட்டது. மலிவான பிரித்தானிய இரும்பில் கந்தகம் மிகுதி. கந்தகம் இரும்புடன் சேர்ந்து உருவாகும் சேர்மம், இரும்புடன் கலந்த நிலையில் ஏறத்தாழ 990 பாகையிலேயே உருகிப் படிக எல்லைகளில் பரவுவதால், பழுக்கக் காய்ச்சி அடிக்கும்போது உருக்கு விரிசலிடும். மாங்கனீசு சேர்த்தால் கந்தகம் அதனுடன் பிணைந்துகொள்கிறது. உருக்கில் கரைந்த ஆக்சிசனையும் மாங்கனீசு அகற்றுகிறது. இவ்விளக்கம் பிற்காலத்தது, ஹீத் பலனைக் கண்டார். உருக்கின் எடையில் 1 முதல் 3 விழுக்காடு மாங்கனீசுக் கார்பைடை மூசையில் இடுவது அவருடைய 1839 ஆம் ஆண்டுக் காப்புரிமை. செஃபீல்டுச் சந்தையில் வார்ப்புருக்கின் விலை 30 முதல் 40 விழுக்காடு வரை குறைந்தது.

மாங்கனீசுக் கார்பைடைத் தனியே தயாரிப்பது செலவு மிக்கது. மாங்கனீசு ஆக்சைடையும் கீலையும் நேரடியாக மூசையில் இட்டாலும் அதே பலன் கிடைக்கும் என்பதைப் பின்னர் ஹீத்தே கண்டறிந்து, தம் முகவரான அன்வின் என்பவருக்குக் கூறினார். காப்புரிமை ஆவணத்தில் இவ்வழி குறிப்பிடப்பட்டிருக்கவில்லை. ஹீத்திடமிருந்து விலகிய அன்வின் அம்மலிவான வழியைத் தாமே பின்பற்றினார். காப்புரிமைத் தொகை செலுத்த மறுத்தார். மற்ற உற்பத்தியாளர்களும் அவ்வாறே செய்தனர்.

வழக்கு பத்தாண்டுகளுக்கும் மேலாக நீடித்தது. ஆக்சைடும் கரியும் மூசைக்குள் சூடேறும்போது, உருக்கு உருகுமுன் கார்பைடாக மாறுகின்றனவா என்பதே கேள்வி. மாறுமெனில் அன்வின் செய்தது ஹீத்தின் முறையேயாகும். மூடிய மூசைக்குள் நடப்பதை யாரும் பார்க்க இயலாது. வேதியியலாளர்கள் சாட்சியம் அளித்தனர். சேலத்தில் மூடிய மூசையின் உள்வினையை ஊகித்துப் புகழ்பெற்றவருக்கு அதே வினா நீதிமன்றத்தில் எதிராக நின்றது. 1844 இல் தீர்ப்பு ஹீத்துக்கு எதிராக அமைந்தது. பின்னர் மேல்முறையீட்டில் சாதகமாக மாறியது. ஹீத் 1851 இல் வறிய நிலையில் காலமானார். 1855 இல் பிரபுக்கள் அவை, கருத்துக் கேட்கப்பட்ட நீதிபதிகளில் பெரும்பான்மையோர் ஹீத்தின் பக்கம் இருந்தும், அன்வினுக்குச் சாதகமாக இறுதித் தீர்ப்பளித்தது.

பின்னர்

பரங்கிப்பேட்டை ஆலை 1853 இல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்னும் புதிய நிறுவனத்திடம் சென்றது. அந்நிறுவனம் சேலம் மாவட்டத்தில் காவிரிக்கரையில் உள்ள பூலாம்பட்டியிலும் ஓர் உலையை அமைத்தது. தாதுவுக்கு அருகில் உலை வேண்டும் என்பது அப்போதுதான் செயலுக்கு வந்தது. 1870களுக்குள் நிறுவனமே மறைந்தது. மலிவான இங்கிலாந்து இரும்பின் வரவால் உள்ளூர் மண் உலைகளும் ஒவ்வொன்றாக அணைந்தன.

பெசமர் முறையில் உருவான உருக்கின் குறையை மாங்கனீசு சேர்த்துத் தீர்க்கும் வழிக்கு, டேவிட் மசெட்டின் மகன் ராபர்ட் மசெட் 1856 இல் காப்புரிமை பெற்றார். கட்டணம் செலுத்தப்படாமையால் 1859 இல் அதுவும் காலாவதியானது.