சொல்லோடு விளையாடிய கணக்காசிரியர்

அற்புத உலகில் ஆலிஸ் கண்ட வியப்புகளைக் கூறும் கதையைப் படித்தோ கேட்டோ மகிழாத சிறுவர் சிலரே. அதனை இயற்றியவர் லூயி கரோல் என்பதும் பலர் அறிந்த செய்தியே. ஆயினும் அது பெற்றோர் இட்ட பெயர் அன்று. சார்லஸ் லுட்விட்ஜ் டாட்ஜ்சன் என்பதே அவரது இயற்பெயர். தொழிலால் கணக்காசிரியராகிய அவர், எழுத்துகளை எண்ணியும் மாற்றியும் ஆடும் சொல்லாட்டங்கள் பலவற்றை அமைத்தவர்.

இங்கிலாந்து நாட்டில் செஷயர் பகுதியிலுள்ள டேர்ஸ்பரி என்னும் சிற்றூரில் 1832ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 27ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் கிறித்தவ சமயகுரு. மக்கள் பதினொருவருள் சார்லஸ் மூன்றாமவர், ஆண்மக்களுள் மூத்தவர். பெரிய குடும்பம் ஆதலின் விளையாட்டுத் தோழரைத் தேடி அவர் வெளியே செல்ல நேரவில்லை. தம்பி தங்கையரை மகிழ்விக்கக் கதையும் பாட்டும் படமும் நிறைந்த கையெழுத்து ஏடுகளைத் தாமே உருவாக்கினார்.

இளமையில் கண்ட காய்ச்சலால் ஒரு காதின் கேட்கும் ஆற்றல் குறைந்தது. அதனினும் பெரிய இடையூறு பேச்சில் இருந்தது. சில சொற்களைத் தொடங்குங்கால் நா தடுமாறி நின்றுவிடும். உடன்பிறந்தார் பலருக்கும் இத்திக்கல் இருந்தமையின் வீட்டில் அது குறையாகத் தோன்றவில்லை. 1846ஆம் ஆண்டு ரக்பிப் பள்ளியில் சேர்ந்த பின்னர் நிலைமை மாறியது. பாடங்களில் பரிசுகள் பல பெற்றார் எனினும், அங்குக் கழிந்த ஆண்டுகளை அவர் பின்னாளில் விருப்போடு நினைத்ததில்லை.

1851ஆம் ஆண்டு சனவரியில் ஆக்சுபோர்டுப் பல்கலைக் கழகத்தின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியை அடைந்தார். அடைந்த இரண்டாம் நாளே அன்னையார் இறந்தார். துயரைத் தாங்கிப் படித்துக் கணிதத்தில் முதல் வகுப்பில் தேறினார். 1855 முதல் 1881 வரை அக்கல்லூரியிலேயே கணித விரிவுரையாளராகப் பணிபுரிந்தார். அவர் வகுப்பு மாணவரைப் பெரிதும் கவர்ந்ததாகத் தெரியவில்லை. 1861இல் திருத்தொண்டராகத் திருநிலை பெற்றும், முழுக் குருப்பட்டம் அவர் ஏற்கவேயில்லை. அதற்குரிய காரணங்களுள் திக்கலும் ஒன்றெனக் கருதுவர். பேச்சுப் பயிற்சி அளிப்போரை நாடிப் பன்முறை முயன்றும் அக்குறை முற்றும் நீங்கவில்லை.

1856ஆம் ஆண்டு இதழ் ஒன்றில் எழுதப் புனைபெயர் வேண்டியிருந்தது. டாட்ஜ்சன் நான்கு பெயர்களை ஆசிரியருக்கு அனுப்பினார். அவற்றுள் இரண்டு, சார்லஸ் லுட்விட்ஜ் என்னும் பெயரின் பதினைந்து ஆங்கில எழுத்துகளையே, ஒன்று குறையாமலும் கூடாமலும், இடம் மாற்றி அமைத்தவை. மற்ற இரண்டும் அப்பெயர்களை இலத்தீன் முதலிய மொழிகளின் வடிவங்கள் வழியே மாற்றிப் பெற்றவை. ஆசிரியர் அவற்றுள் லூயி கரோல் என்பதைத் தேர்ந்தார். 1862ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள் படகில் செல்லும்போது மூன்று சிறுமியர்க்குச் சொன்ன கதை, 1865இல் நூலாகி அப்பெயரை உலகெங்கும் பரப்பியது.

1877ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, பொழுது போகாமல் சலிப்புற்றிருந்த இளம்பெண்கள் இருவர் தமக்கு ஏதேனும் வேலை தருமாறு அவரை வேண்டினர். அவர்களுக்காக அவர் வகுத்த ஆட்டமே 'டப்ளட்ஸ்'. எழுத்துத் தொகை ஒத்த இரு சொற்களை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறைக்கு ஓர் எழுத்தையே மாற்றி, முதற் சொல்லிலிருந்து இறுதிச் சொல்லை அடைய வேண்டும். இடையில் வருவன யாவும் பொருளுடைய சொற்களாகவும், அதே எழுத்துத் தொகை உடையனவாகவும் இருத்தல் வேண்டும்.

பன்றியைக் கொட்டிலில் அடைக்குமாறு அவர் விடுத்த புதிரைக் காண்போம். பன்றியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு எழுத்துகள் மூன்று: பி, ஐ, ஜி. முதலெழுத்தை டபிள்யூ ஆக்கினால் 'விக்', அஃதாவது பொய்முடி. நடுவெழுத்தை ஏ ஆக்கினால் 'வாக்', வால் முதலியவற்றை ஆட்டுதல். இறுதியெழுத்தை ஒய் ஆக்கினால் 'வே', வழி. மீண்டும் முதலெழுத்தை எஸ் ஆக்கினால் 'சே', சொல்லுதல். இனி நடுவெழுத்தை டி ஆக்கினால் 'ஸ்டை'. பன்றி கொட்டிலுக்குள் வந்துவிட்டது! மூன்றெழுத்துச் சொல்லாதலின் இது எளிது. எழுத்துகள் மிகுந்தால் வழியும் அரிதாகும்.

1879இல் 'வானிட்டி ஃபேர்' என்னும் இதழ் இதனைப் போட்டியாக வெளியிட்டது. அவ்வாண்டிலேயே நூலாகவும் வந்தது. அகராதியின் மூலையில் கிடக்கும் அருஞ்சொற்களைக் கொண்டு வெல்லக் கூடாது என்பது கரோலின் கருத்து. ஆதலின் மக்கள் வழங்கும் சொற்களையே ஏற்பதென விதித்து, பயன்படுத்தத் தக்க சொற்களின் பட்டியலையும் நூலில் சேர்த்தார். அவர் விதிகளுள் இதுவே மிகச் சிறந்தது என்பது என் எண்ணம். நல்ல ஆட்டம் புலவரும் சிறுவரும் ஒருங்கே அமர்ந்து ஆடத் தக்கதாக இருத்தல் வேண்டுமன்றோ?

1882இல் மற்றோர் ஆட்டத்தைத் தனித்தாளாக அச்சிட்டார். தம் இளமைக்கால ஏடு ஒன்றன் பெயராகிய 'மிஷ்மாஷ்' என்பதையே அதற்கு இட்டார். ஒருவர் இரண்டோ மிகுதியோ ஆன எழுத்துகளைத் தருவார். அவை அதே வரிசையில் அடுத்தடுத்து வரும் சொல்லை மற்றவர் காண வேண்டும். ஜி, பி என்னும் இரண்டும் சேர்ந்து வரும் சொல் எது? எளிதில் தோன்றாது, 'மேக்பை' என்னும் பறவையின் பெயரில் அவை உள்ளன. இ, எம், ஓ என்பன எலுமிச்சையைக் குறிக்கும் 'லெமன்' என்ற சொல்லின் நடுவே அமர்ந்துள்ளன. ஆள், ஊர் முதலியவற்றின் சிறப்புப் பெயர்களைச் சொல்லித் தப்பிக்க இயலாது. சதுரங்கப் பலகைமேல் எழுத்துகளை நகர்த்திச் சொல்லாக்கும் ஆட்டம் ஒன்றும் 1880ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் உள்ளத்தில் உதித்தது. அதனைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

இரவிலும் அவர் மனம் உறங்குவதில்லை. எண்ணம் தோன்றும்போதெல்லாம் எழுந்து விளக்கேற்றுவது தொல்லையாயிற்று. 1891இல், சதுரத் துளைகள் வெட்டிய அட்டை ஒன்றைச் செய்து, துளைக்கு ஓர் எழுத்தாகப் புள்ளியும் கோடும் இட்டுப் படுக்கையில் இருந்தபடியே இருளில் எழுதும் முறையைக் கண்டார். 1861 முதல் தாம் பெற்ற மடல்களையும் விடுத்த மடல்களையும் வரிசை எண்ணிட்டுப் பதிந்து வந்தார். அப்பதிவின் இறுதி எண் 98,721. பேச்சில் தயங்கிய அவர் எழுத்தில் எத்துணைப் பேருடன் உரையாடினார்!

1898ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள், கில்போர்டு நகரில் தம் தமக்கை தங்கையர் வாழ்ந்த இல்லத்தில் நுரையீரல் அழற்சியால் அவர் இறந்தார். அறுபத்தாறு ஆண்டு நிறைவதற்கு இரண்டு வாரமும் இல்லை. அந்நகரின் கல்லறைத் தோட்டத்தில் அவர் நினைவாக நிற்கும் வெண்சிலுவையில் டாட்ஜ்சன் என்னும் பெயரும், அதன்கீழ் அடைப்புக்குறிக்குள் லூயி கரோல் என்னும் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன.