மெழுகுவர்த்தியில் பாடம் நடத்திய மேதை

கரண்ட் போனால் வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள் அல்லவா? அந்த மெழுகுவர்த்தியை வைத்தே சிறுவர்களுக்கு ஆறு அறிவியல் சொற்பொழிவுகள் நடத்தினார் ஒருவர். அவர்தான் மைக்கேல் ஃபாரடே.

1791-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி, லண்டனை ஒட்டிய நியூயிங்டன் என்ற இடத்தில் பிறந்தார். அப்பா கொல்லர்; அடிக்கடி நோயில் படுத்துவிடுவார். ஒரே ஒரு ரொட்டியை வைத்துக்கொண்டு ஒரு வாரத்தை ஓட்ட வேண்டிய நிலையும் ஃபாரடேக்கு வந்தது. எழுதவும் படிக்கவும் கொஞ்சம் கணக்குப் போடவும் கற்றதோடு பள்ளிப் படிப்பு நின்றுபோனது.

13 வயதில் ஒரு புத்தகக் கடையில் எடுபிடி வேலைக்குப் போனார். பிறகு அங்கேயே ஏழு ஆண்டுகள் பைண்டிங் தொழில் கற்றார். தைக்க வந்த புத்தகங்களே அவருக்குப் பள்ளிக்கூடம் ஆயின. 1812-ல் கடை வாடிக்கையாளர் ஒருவர், விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவைக் கேட்க நுழைவுச்சீட்டு கொடுத்தார். கேட்டதை எல்லாம் குறிப்பெடுத்து, படம் வரைந்து, அழகாக பைண்ட் செய்து டேவிக்கே அனுப்பி வைத்தார் ஃபாரடே. மறு ஆண்டு டேவி பணியாற்றிய 'ராயல் இன்ஸ்டிட்யூஷனில்' உதவியாளர் வேலை கிடைத்தது!

1823-ல் குளோரின் வாயுவை மூடிய கண்ணாடிக் குழாயில் அடைத்து, அழுத்தத்தால் திரவமாக்கிக் காட்டினார். ஆபத்தான சோதனை அது. குழாய் வெடித்து, கண்ணுக்குள் கண்ணாடித் துண்டுகள் பாய்ந்தன. ஆனாலும் அவர் ஆராய்ச்சியை விடவில்லை. 1831-ல் காந்தத்தை அசைத்து மின்சாரம் உண்டாக்கும் வழியைக் கண்டுபிடித்தார். இன்றைய ஜெனரேட்டர்களுக்கு அதுதான் அடிப்படை.

இவ்வளவு பெரிய விஞ்ஞானி, கிறிஸ்துமஸ் விடுமுறை வந்தால் சிறுவர்கள் முன்னால் வந்து நிற்பார். மெழுகு திடப்பொருள். சுடரின் வெப்பத்தில் உருகித் திரவமாகிறது. அந்தத் திரவம் திரி வழியே மேலேறி ஆவியாகிறது. எரிவது அந்த ஆவிதான்! சுடரை அணைத்ததும் எழும் வெண்புகையில் தீக்குச்சியைக் காட்டினால், திரியைத் தொடாமலே மெழுகுவர்த்தி மீண்டும் பற்றிக்கொள்ளும். (பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் மட்டுமே செய்து பாருங்கள்!)

இன்னொரு சோதனையில், கனமான இரும்புக் குப்பியில் தண்ணீரை நிரப்பி, இறுக மூடி, உப்பு கலந்த பனிக்கட்டிக்குள் வைத்தார். தண்ணீர் உறைந்ததும் இரும்பே பிளந்துவிட்டது! பெரும்பாலான திரவங்கள் உறையும்போது சுருங்கும், தண்ணீரோ விரியும். அதனால்தான் பனிக்கட்டி தண்ணீரில் மிதக்கிறது.

ஃபாரடே கடைசியாக சிறுவர்களுக்குப் பாடம் நடத்தியது 1860-61 விடுமுறையில். அப்போது அவருக்கு வயது 69. பல ஆண்டுகளாகவே ஞாபக மறதி அவரை வாட்டி வந்தது. இருந்தும், எத்தனையோ பெரிய கண்டுபிடிப்புகள் இருக்க, அந்த ஆண்டு அவர் எடுத்துக்கொண்டது பழைய மெழுகுவர்த்தியைத்தான். அந்த உரைகள் 1861-ல் புத்தகமாக வந்தன. 1867 ஆகஸ்ட் 25-ல் ஃபாரடே மறைந்தார்.

பள்ளிக்குப் போக முடியாத அந்தச் சிறுவன், உலகக் குழந்தைகளுக்கெல்லாம் வாத்தியார் ஆகிவிட்டான். அடுத்த முறை கரண்ட் போனால் பயப்படாதீர்கள், குட்டீஸ். மெழுகுவர்த்தியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். திடம், திரவம், வாயு மூன்றும் உங்கள் கண் முன்னே இருக்கும்!