புன்னைக்காயலில் வேரூன்றியவர்: அண்டிரிக் அடிகளார்

நம் பங்கின் ஜூபிலி மலருக்கு ஒரு புனிதரின் வரலாறு எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் நம்மைக் கேட்டுக்கொண்டனர். நாம் எழுதப்போகிறவரோ பீடத்தில் ஏற்றப்படாதவர். அவருக்கென்று கொடியேற்றமில்லை, நவநாள் இல்லை, சப்பரமும் இல்லை. தமிழ் நூல் அச்சின் வரலாறு எழுதுகிறவர்கள் அனைவரும் அவர் பெயரை முதலில் எழுதுகிறார்கள். அவர் உழைத்து மாண்ட கடற்கரைக்கு இத்தனை அருகில், தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் இடையில் சாலையோரம் குடியிருக்கும் நமக்கோ அவரைப் பற்றி அதிகம் தெரியாது. ஆகையால் மலர்க் குழுவினர் பொறுத்துக்கொள்வார்கள் என நம்புகிறோம்.

என்றீக்கே என்றீக்கஸ் என்பது அவருடைய போர்த்துக்கீசியப் பெயர். நம் முன்னோர் வாயில் அது அண்டிரிக் என்றானது. 1520-ஆம் ஆண்டு போர்த்துக்கல் நாட்டில் விலா விசோசா என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய முன்னோர் யூதர். 1497-இல் போர்த்துக்கல் மன்னன் தன் நாட்டிலிருந்த யூதர் அனைவரையும் வற்புறுத்தி ஞானஸ்நானம் பெறச் செய்தான். அப்படிப் பெற்றவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் ‘புதுக் கிறிஸ்தவர்கள்’ என்று தனியே பிரித்து வைத்தார்கள். கோவிலுக்கு வந்தாலும் சந்தேகம், வராவிட்டாலும் சந்தேகம். திருச்சபையின் வரலாற்றில் நாம் தலைகுனிந்து வாசிக்க வேண்டிய பக்கங்களில் இதுவும் ஒன்று. சாதி பார்த்துப் பந்தியில் பிரித்து உட்கார வைத்த நமக்கு இது புரியாத செய்தியும் அன்று.

இளைஞர் என்றீக்கே துறவியாக விரும்பிப் பிரான்சிஸ்குச் சபையில் சேர்ந்தார். அவருடைய பிறப்பு தெரிய வந்ததும் அங்கே இருக்க முடியாமல் வெளியேற வேண்டியதாயிற்று. வரலாற்று நூல்கள் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகின்றன. நமக்கு அப்படிக் கடக்க மனமில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஒரு பங்கில், குருமடத்திலிருந்து திரும்பி வந்த பையன் ஒருவன் இருந்தான். எந்தக் குருமடம், என்ன காரணம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அவன் போனபோது ஊரே கூடி மாலை போட்டு வழியனுப்பியது. திரும்பி வந்தபோது இருட்டிய பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாக வந்தான். மூன்று மாதம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பூசைக்கும் வரவில்லை. அவன் தாய் நம்மிடம் வந்து அழுதாள். நாம் போய்ப் பார்த்தோம். கடவுளே வேண்டாமென்று அனுப்பிவிட்ட பிறகு எதற்காக உயிரோடிருக்க வேண்டும் என்று அவன் கேட்டான். குருமடத்தில் படித்த எந்தப் பாடமும் அந்நேரம் நமக்குக் கைகொடுக்கவில்லை. அண்டிரிக் அடிகளாரின் கதை அப்போது தெரிந்திருந்தால் அதைச் சொல்லியிருப்போம். தெரியாமல் போயிற்று.

சபையை விட்டு வெளியேறியவர் கோயிம்பிரா பல்கலைக்கழகத்தில் திருச்சபைச் சட்டம் பயின்றார். அந்நகரிலேயே 1545-இல் சேசு சபையில் சேர்ந்தார். அந்தச் சபைக்குத் திருத்தந்தையின் ஒப்புதல் கிடைத்து அப்போது ஐந்து ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. அதன் நிறுவனரான புனித இஞ்ஞாசியார் ஒருவருடைய முன்னோர் யூதர் என்பதற்காக அவரைத் தள்ளுகிறவர் அல்லர். அவருக்குப் பின் சபைத் தலைவரான லாயினஸ் அடிகளாரும் புதுக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவரே. மறு ஆண்டு, 1546-இல், என்றீக்கே கப்பலேறிக் கோவா வந்து சேர்ந்தார். 1547-இல் முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது 27. பிறந்த நாட்டிற்கு அவர் திரும்பவேயில்லை.

அன்றைய கடற்கரையின் நிலையை நாம் மனதில் கொள்ள வேண்டும். பரதவ மக்கள் ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன்பு, 1536-37-இல், ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். முத்துக்குளிப்பு உரிமையைக் காத்துக்கொள்ளப் போர்த்துக்கீசியரின் துணை அவர்களுக்கு வேண்டியிருந்தது என்பதை மறைப்பதில் பயனில்லை. ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் போய்விட்டார்கள். 1542-இல் புனித சவேரியார் வந்து ஊர் ஊராக நடந்து செபங்களைக் கற்பித்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்கள் மொழிபெயர்த்துக் கொடுத்ததை மனப்பாடம் செய்து சொன்னார். விசுவாசப் பிரமாணத்தில் விசுவசிக்கிறேன் என்று வர வேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்ற சொல் நுழைந்திருந்ததைப் பின்னர் அவரே கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னார். கடவுளை நம்புகிறேன் என்பதற்கும் கடவுள் எனக்கு வேணும் என்பதற்கும் தூரம் அதிகமில்லை என்று சில சமயம் நமக்குத் தோன்றுவதுண்டு. ஆனால் வேதபாட வகுப்பில் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது.

சவேரியாருக்குப் பின் வந்தவர்களும் துபாசிகளைக் கொண்டே காலம் தள்ளினர். அண்டிரிக் அடிகளாரும் முதலில் அப்படித்தான் தொடங்கினார். தமிழ் அவர் நாவுக்குள் புகவில்லை. முயன்று பார்த்துக் கைவிட்டுவிடும் நிலைக்கும் வந்தார். ஒரு சபையிலிருந்து தள்ளப்பட்டு, கடல் கடந்து வந்த இடத்திலும் தம்மால் ஒன்றும் ஆகவில்லை என்று காண்கிற ஒருவருடைய இரவுகள் எப்படி இருந்திருக்கும்!

அவர் எழுந்த விதம் மிகவும் எளியது. வினைச்சொற்களைக் காலம் வாரியாக எழுதிப் பார்க்கத் தொடங்கினார். பெயர்ச்சொற்களை இலத்தீன் முறைப்படி வேற்றுமைகளாக அடுக்கினார். நாம் குருமடத்தில் கொஞ்சம் இலத்தீன் படித்தபோது இந்த அட்டவணைகளை வேண்டா வெறுப்பாக ஒப்பித்திருக்கிறோம். அதே அட்டவணைகள் ஒரு மனிதரைக் கரையேற்றின என்று பிற்பாடு அறிந்தபோது பழைய பாடப்புத்தகத்தின் மீது நமக்குச் சற்று மரியாதை வந்தது. ஏறத்தாழ ஐந்து மாத உழைப்பில் துபாசி இல்லாமல் பேசவும் மக்கள் பேசுவதை விளங்கிக்கொள்ளவும் அவரால் முடிந்தது. 1548 அக்டோபர் இறுதியில் வேம்பாற்றிலிருந்து புனித இஞ்ஞாசியாருக்கு அவர் எழுதிய மடலில் இந்தச் செய்தியைக் காணலாம். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் சவேரியாரும் கொச்சியிலிருந்து உரோமைக்கு எழுதினார். அண்டிரிக் தமிழ் பேசவும் எழுதவும் வல்லவராகி இருவர் செய்யும் வேலையை ஒருவராகச் செய்கிறார் என்று புகழ்ந்து, அவருக்கு ஆறுதலாக ஒரு மடல் எழுதும்படியும் கேட்டுக்கொண்டார். ஆறுதல் எதற்காக வேண்டியிருந்தது என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

மொழி கைவந்த பிறகுதான் பழைய மொழிபெயர்ப்புகளின் கோளாறுகள் அவருக்குத் தெரிந்தன. பலிபூசையைக் குறிக்கப் போர்த்துக்கீசியர் ‘மிசா’ என்பார்கள். நம் மக்களின் காதில் அது மீசை என்று விழுந்தது! பாதிரியார் ஞாயிறு தோறும் மீசைக்கு வரச் சொன்னால் மக்கள் என்னதான் செய்வார்கள்? அவர் அதை நீக்கிப் பூசை என்ற சொல்லை வைத்தார். நாம் இன்றைக்கும் பூசைக்குப் போகிறோம். அவருக்கு இந்தத் தமிழைச் சொல்லிக் கொடுத்தவர்கள் யாவர்? கடற்கரையின் கணக்கப்பிள்ளைகளும் உபதேசியார்களும் பிள்ளைகளுமாகவே இருந்திருப்பார்கள். முத்துக்குளிக்கும்போது மேலே படகிலிருந்து கயிறு பிடிப்பவருக்கு மைத்துனரைத்தான் அமர்த்துவார்கள் என்று நம் பக்கத்தில் சொல்வதுண்டு. முத்து எடுத்தவர் பெயர் நிற்கும். கயிறு பிடித்தவர் பெயரை யாரும் எழுதி வைப்பதில்லை.

1549-இல் வேதாளையில் கிரிமினாலி அடிகளார் வடுகர் படையினரால் கொல்லப்பட்டார். அவருக்குப் பதிலாகக் கடற்கரைக் குருக்கள் அண்டிரிக் அடிகளாரையே தலைவராகத் தேர்ந்துகொண்டனர். பிறப்பைச் சொல்லி ஒதுக்கப்பட்டவரைத் தோழர்கள் தாங்களே தலைவராக்கினார்கள். கால் நூற்றாண்டுக்கு மேல் அந்தப் பொறுப்பு அவர் தோளில் இருந்தது. புன்னைக்காயலில் ஏழை நோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனை ஏற்படுத்தினார். ஊர்களில் செபம் சொல்லித்தர உள்ளூர் ஆட்களைப் பயிற்றினார். உண்மையைத் தேடி அலைந்த ஒரு யோகியாரோடு நட்புப் பூண்டு நெடுநேரம் உரையாடினார் என்றும் அறிகிறோம்.

துன்பங்களுக்கும் குறைவில்லை. 1553-இல் புன்னைக்காயல் தாக்கப்பட்டபோது அவர் சிறைப்பட்டார். பணம் கொடுத்து மீட்க வேண்டியிருந்தது. 1560-ஐ ஒட்டி மீண்டும் தாக்குதல் வந்து, மக்களில் ஒரு பகுதியினர் மன்னார்த் தீவுக்குக் குடிபெயர்ந்தபோது அவரும் அங்கே சென்று அவர்களோடு வாழ்ந்தார். அமைதி திரும்பிய பின் மீண்டும் இக்கரைக்கு வந்துவிட்டார்.

இனி அவரை உலகறியச் செய்த பணிக்கு வருவோம். 1554-இல் லிஸ்பன் நகரில் தமிழ்ச் செபநூல் ஒன்று அச்சாகியிருந்தது. ஆனால் அது உரோமை எழுத்தில் இருந்தது. அதன் தமிழும் அண்டிரிக் அடிகளாருக்குப் பிடிக்கவில்லை. தமிழை அதன் சொந்த எழுத்தில் அச்சிட வேண்டும் என்பது அவர் எண்ணம். 1577-இல் கோவாவில் கொன்சால்வஸ் என்ற சகோதரர் தமிழ் எழுத்துகளை வார்த்தார். 1578-இல் கொல்லத்தில் ஃபாரியா அடிகளார் அவற்றைவிடத் திருத்தமான எழுத்துகளை உருவாக்கினார். செலவுக்குப் பணம் தந்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள். மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்கிச் சம்பாதித்த காசு அது. அதில் உருவான எழுத்துகளைக் கொண்டு 1578 அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ வெளிவந்தது. மொத்தம் 16 பக்கங்கள். இந்திய மொழி எழுத்தில் இந்திய மண்ணில் அச்சேறிய முதல் நூல் அதுவே. சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் கால் வைப்பதற்கு 128 ஆண்டுகள் முன்னதாக இது நடந்தது. 1579-இல் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ அச்சாயிற்று. 1586-இல் புனிதர்களின் வாழ்க்கையைச் சொல்லும் ‘அடியார் வரலாறு’ 600 பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூலாக வந்தது. அது புன்னைக்காயலில் அச்சிடப்பட்டதாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது.

அவருடைய தமிழ் வீரமாமுனிவரின் தமிழைப் போன்று இலக்கண சுத்தமானதன்று. கடற்கரைத் தமிழ் அது. பேச்சு வழக்கும் போர்த்துக்கீசியச் சொல்லும் கலந்து வரும். பண்டிதர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் வேம்பாற்றிலும் மணப்பாட்டிலும் வலை பின்னிக்கொண்டிருந்தவர்களுக்காக எழுதப்பட்ட நூலில் அவர்கள் பேசிய தமிழ் இருப்பதில் குற்றம் காண நமக்குத் தோன்றவில்லை.

முதுமையில் அவர் கண்ட ஒரு நிகழ்ச்சியையும் சொல்லியாக வேண்டும். 1593-இல் உரோமையில் கூடிய சேசு சபைப் பொதுப் பேரவை, யூத வழியில் வந்தவர்களை இனிமேல் சபையில் சேர்ப்பதில்லை என்று விதி இயற்றியது. அடிகளாருக்கு அப்போது வயது 73. சபையில் சேர்ந்து 48 ஆண்டுகள் ஆகியிருந்தன. இளம் வயதில் ஒரு கதவை அடைத்த அதே காரணம், தாம் வாழ்நாளெல்லாம் உழைத்த வீட்டின் வாசலிலேயே எழுதப்பட்டது. அவ்விதி முற்றிலும் நீக்கப்பட்டது 1946-இல்தான். அடிகளாரோ புன்னைக்காயலைவிட்டு அசையவில்லை. அவர் இருக்க வேண்டிய இடம் எது என்பது யாருடைய விதியாலும் தீர்மானிக்கப்படும் நிலையை அவர் எப்போதோ கடந்துவிட்டிருந்தார்.

1600-ஆம் ஆண்டு புன்னைக்காயலில் இறைவனடி சேர்ந்தார். முத்துக்குளித்துறைக்கு வந்து 53 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய உடல் தூத்துக்குடிக்குக் கொண்டுவரப்பட்டு மாதா கோவிலில் அடக்கம் செய்யப்பட்டது. ஆகஸ்டு மாதம் பனிமய மாதா திருவிழாவுக்கு நம் பங்கிலிருந்தும் ஆண்டுதோறும் போய் வருகிறோம். ஐஸ் வாங்கித் தின்று, வளையல் வாங்கி, கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறோம். இவர் அங்கே துயில்கிறார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அவருடைய நூல்களும் நெடுங்காலம் உறங்கின. தம்பிரான் வணக்கத்தின் ஒரு பிரதி அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அவர் எழுதிய தமிழ் இலக்கணத்தின் கையெழுத்துப் படி லிஸ்பனில் கிடைத்து, 1982-இல் அச்சாயிற்று. 2013-இல் ஆங்கிலத்திலும் வந்தது. அடியார் வரலாற்றின் பிரதி வத்திக்கான் நூலகத்தில் உள்ளது. நம் மறைமாவட்டத்தில் பணியாற்றிய தனிநாயகம் அடிகளார் 1950-களில் ஐரோப்பிய நூலகங்களில் இந்த நூல்களைத் தேடிப் பார்த்துத் தமிழுலகுக்கு எடுத்துச் சொன்னார். 1967-இல் சேசு சபை இராசமாணிக்கம் அடிகளார் அடியார் வரலாற்றை மறுபதிப்புச் செய்தார். தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகம் அதை வெளியிட்டது.

அந்தப் பதிப்பின் பழைய பிரதி ஒன்று நம் பங்கு இல்லத்து அலமாரியில் இருக்கிறது. முதல் சில பக்கங்களைச் செல் அரித்திருக்கிறது, மற்றவை நன்றாகவே உள்ளன. விரும்புகிறவர்கள் ஞாயிறு பூசைக்குப் பின் வந்து வாங்கிச் சென்று படிக்கலாம். பெயரை நோட்டில் எழுதிவிட்டு எடுத்துச் செல்லுங்கள். பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுங்கள்.