கச்சேரிக் கதிரையை விட்டு வந்தவர்

தேசிய அடையாள அட்டை என் கைக்கு வந்த அன்று அதைப் பலமுறை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அடுத்த வருடம் வாக்களிக்கும் வயதும் வந்துவிடும். ஆனால், அட்டையும் வாக்கும் மட்டும் ஒருவரை நற்பிரஜை ஆக்கிவிடுமா? இக்கேள்வியோடு இருந்தபோதுதான் அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களின் வாழ்க்கையை வாசித்தேன்.

1911 ஒக்டோபர் 4 இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்த அஸீஸ், வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கற்றார். முஸ்லிம் பிள்ளையான அவருக்குத் தமிழ்ப் பற்றை ஊட்டியவை அந்த இந்துப் பாடசாலைகளே. 1935 இல் இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது.

1942 இல் இரண்டாம் உலகப் போர் இலங்கையின் வாசலுக்கே வந்தது. பர்மா யப்பானியரிடம் வீழ்ந்ததால் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. நாடு பசியை எதிர்நோக்கிய அவ்வேளையில், நெல் உற்பத்தியைப் பெருக்குவதற்காகக் கல்முனையில் ஓர் அவசரகாலக் கச்சேரி திறக்கப்பட்டது. அதற்கு உதவி அரசாங்க அதிபராக வந்தவர் முப்பது வயது அஸீஸ். அவர் கதிரையிலிருந்து கட்டளையிட்டதோடு நிற்கவில்லை. விவசாயிகளை நாடிச் சென்றார். காடாய்க் கிடந்த காணிகள் வயல்களாயின. காரைதீவு தந்த விபுலானந்த அடிகளாரின் நட்பும் அக்காலத்தில் அவருக்கு வாய்த்தது.

நாட்டுக்குச் சோறு போட்ட அந்த விவசாயிகளின் பிள்ளைகள் படிக்க வசதியின்றி இருந்தது அவர் மனதை வருத்தியது. அவ்வாண்டே கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கத்தை ஆரம்பித்தார். அங்கே முளைத்த எண்ணமே 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக வளர்ந்தது. பணமில்லாத காரணத்தால் படிப்பைக் கைவிட இருந்த எத்தனையோ மாணவர்களை அது கைதூக்கிவிட்டது.

1948 இல் அவர் செய்த காரியம்தான் என்னை மிகவும் வியக்க வைத்தது. அரசாங்க உத்தியோகம் கிடைத்தால் போதும் என்பதே இன்றும் நம் வீடுகளில் கேட்கும் துஆ. அவரோ நாட்டின் மிக உயர்ந்த உத்தியோகத்தைத் துறந்து, கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபரானார். 1961 வரை நீடித்த அவரது காலத்தை அக்கல்லூரியின் பொற்காலம் என்பர். பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி போன்ற தமிழறிஞர்களும் அங்கே கற்றவர்களே.

1952 இல் அவர் செனற் சபை உறுப்பினரானார். 1956 இல் சிங்களம் மட்டும் என்ற கொள்கையைத் தமது கட்சியே ஏற்றபோது அதிலிருந்து விலகினார். நாட்டை நேசிப்பவர் நாட்டில் நடப்பதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருக்க மாட்டார் என்பதை இதிலிருந்து நான் படித்தேன்.

1973 நவம்பர் 24 இல் அவர் இறையடி சேர்ந்தார். 1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கிக் கௌரவித்தது.

இனி என் கதை. சென்ற தவணையில் ஒரு தோழி என்னிடம் பொருளியல் குறிப்புக் கொப்பியைக் கேட்டாள். ரியூஷனுக்குச் செல்ல அவளுக்கு வசதியில்லை. மாவட்ட நிலையில் அவள் என்னை முந்திவிடுவாளோ என்ற பயத்தில், கொப்பி வீட்டில் இருப்பதாகப் பொய் சொன்னேன். அது அப்போது என் பையிலேயே இருந்தது. அறியாத ஊரின் பிள்ளைகளுக்காகக் கவலைப்பட்ட ஒரு மனிதரைப் பற்றி வாசித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் கொப்பியைக் கொடுத்து, உண்மையையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்தாள். இப்போது இருவரும் சேர்ந்தே படிக்கிறோம்.

அன்புத் தோழிகளே, பெற்றோர்களே! நமக்குக் கிடைத்ததைப் பக்கத்தில் இருப்பவருக்கும் கிடைக்கச் செய்பவரே நற்பிரஜை. அடையாள அட்டையில் எழுதப்படாத அந்த அடையாளத்தை நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும்.